மூன்றாம் மாடிச் சாய்வு

அந்தப் பெண் குழந்தை பிறந்த அன்று பிரசவ அறையின் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கத்தரிக்கோல் வைத்திருந்த தட்டு சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது, தாதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள், பிறகு குழந்தையை எடை போட்டார்கள், எடை குறைவு. அன்று முதல் அவள் இருக்கும் அறையெல்லாம் சாய்ந்தது. தூங்கும்போது மட்டும் தரை சமமாக இருக்கும். அவள் எங்கே தூங்கினாள்! அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மூன்றாம் மாடியிலிருந்த தங்கள் வாடகை வீட்டின் தரையில் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, மேசை நாற்காலிகளை ஆணியடித்து நிறுத்தினார். அவளுக்கு ஐந்து வயதானபோது சாய்வு கீழ் வீட்டுக்கும் இறங்கியது. அங்கே குடியிருந்த தையல்காரர் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தைக்கப் பழகினார், வாயால் திட்டவும் பழகினார்.

பள்ளியில் அவளால் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை படித்தது செவ்வாய்க்கிழமை இருக்காது. மணி அடித்தால் பக்கத்திலிருப்பவளை அடிப்பாள், அடுத்த நொடியே அவளையே கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பாள். பெஞ்சுகள் எல்லாம் ஒரே மூலையில் வந்து குவிவதைப் பொறுக்கமுடியாமல் தலைமையாசிரியை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் பிள்ளையின் மெல்லிய மேலுதட்டையும், மூக்குக்குக் கீழே பள்ளமே இல்லாமல் வழவழப்பாக இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு, “வயித்துல இருந்தப்ப குடிச்சதுண்டாம்மா?” என்று கேட்டார். “என்ன சார் கேள்வி இது! இவளா?” என்று அப்பா எகிறினார். அம்மா பிள்ளையின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள்.

அம்மா குடித்திருந்தாள். கணவன் வேறு ஊரில் லிஃப்ட் மாட்டப் போய், மாதம் ஒருமுறை மட்டும் வந்துபோன வருடம், முதலில் தூக்கம் வருவதற்காக, பிறகு எழுந்திருப்பதற்காக. கர்ப்பம் என்று தெரிந்தபிறகும் விட முடியவில்லை. குழந்தை பிறந்ததோடு விட்டவள் பிறகு தொடவே இல்லை, ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக்கொண்டே, சொன்னால் பிள்ளை தன்னை வெறுத்துவிடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சாய்ந்த தரையில் தடுமாறாமல் நடந்தவள் அவள் ஒருத்திதான். “என்ன காலும்மா உனக்கு!” என்று தையல்காரர் மெச்சுவார். அவள் உடனே வேறு மூலைக்கு நகர்ந்துவிடுவாள்.

டாக்டர் அவர்களை, நாயை வைத்துப் பிள்ளைகளைப் பழக்கும் நாய்க்காரம்மாவிடம் அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கூடம், ஒரு பாய், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு பந்து, மூட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு தடித்த நாய். பிள்ளை ஒரு சொல் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாய் எழுந்து போனால் யாரும் இழுக்கக் கூடாது. “அதுக்கும் மனசு இருக்குல்ல? போனா போகட்டும்” என்பாள் நாய்க்காரம்மா. முதல் நாள் பிள்ளை எல்லாக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் கத்தினாள். மூட்டை கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல வாரம் கழித்து “உட்காரு” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அது உட்கார்ந்தது. தரையின் சாய்வு கொஞ்சம் தணிந்தது. அடுத்த வாரம் அவளுக்கு அது மறந்திருந்தது, மறுபடி முதலிலிருந்து. மூட்டைக்கு அதில் எந்த மனத்தாங்கலும் இல்லை.

ஒரு நாள் மூட்டை பாதியில் எழுந்து, சரிவில் இறங்கிப் போய், கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் பாதங்கள்மேல் படுத்துவிட்டது. பந்தும் கிண்ணமும் பின்னாலேயே போயின. அப்போதுதான் நாய்க்காரம்மா கவனித்தாள்.

“ஏம்மா, எல்லாம் உங்க பக்கமாத்தானே வருது!”

அம்மாவுக்கு இது முன்பே தெரியும். பிள்ளை பிறந்த அன்றிலிருந்தே தரை தன் பக்கமே சாய்வதைப் பார்த்து, அது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று பயந்து, இடம் மாறிக்கொண்டே இருந்தவள். இப்போது காலை எடுக்க முடியவில்லை, நாய் அவ்வளவு கனம். பிள்ளை சிரித்தபடி சறுக்கி வந்து மடியில் விழுந்தாள்.

“நீ வயித்துல இருந்தப்ப நான் குடிச்சேன்டி. தெனமும். அதனாலதான் உன்னால ஒரு எடத்துல இருக்க முடியல. உன் தப்பு இல்ல, என் தப்பு.”

பிள்ளை யோசித்தாள். “சரி. இனிமே குடிக்காத. மூட்டைக்குத் தண்ணி வெக்கட்டா?”

தரை சமமானது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறி, சாயங்காலம்வரை மேலும் கீழுமாகப் போய்வந்தார். ஒரு வருடம் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் உப்பு எங்கே என்று கேட்டார், பேச்சு அப்படியே தொடர்ந்தது.

அம்மா உண்மையைச் சொன்ன மறுநாள் காலையே பிள்ளைக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது, தரையும் சாய்ந்திருந்தது. அம்மா அழுதுகொண்டே மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு, புதிதாக யோசித்து, சரி என்றாள், தரையும் சமமானது. ஒரு நாள்கூட வேறு பதில் சொன்னதில்லை. ஜன்னல்கள் திறந்தே கிடந்ததால் குடியிருப்பு முழுவதும் கேட்டது. முதலில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள், பிறகு அதுவும் அலுத்துவிட்டது. மூட்டைக்கு வயதாகி அது வேலையை விட்டது, பிள்ளை அம்மாவின் தோளுக்கு வளர்ந்தாள், கீழ் வீடுகளில் அவள் “சரி” சொன்ன பிறகே அடுப்பில் பாத்திரம் ஏற்றினார்கள். ஒரு காலை அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க நேரமாகிவிட்டது. தையல்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

“இன்னும் சொல்லலையாம்மா? பால் காய்ச்சணும்.”

“இதோ, சொல்லிடறேண்ணா,” என்று எழுந்து மகளைக் கூப்பிட்டாள்.