ஒன்பதாம் மாடிக்காக ஒரு ஜெபம்

துணி துவைக்கும் அறை கட்டடத்தின் நிலத்தடியில் இருந்தது. அருள்மலரின் ஊழியத்தில் பாதி அங்கேதான் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து அவளுடைய சபை கனடாவுக்கு அனுப்பிய நான்கு பேரில் அவளும் ஒருத்தி. அகதிகளாக வந்து சேர்ந்த ஈழத்துக் குடும்பங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போகிறோம் என்றுதான் விமானம் ஏறினாள். 1996ஆம் ஆண்டின் அந்த முன்பனிக் காலத்தில் ஸ்கார்பரோவில் அவளுக்கு வாய்த்ததோ, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், வயதானவர்களை டாக்டரிடம் அழைத்துப் போவதும், ஒன்பதாம் மாடித் தவமணியின் அழுக்குக் கூடையை லிஃப்டில் இறக்குவதும்தான்.

தவமணி ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்பவள். மெத்தைகளைத் தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. அருள்மலரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். "உங்கட சாமியைப் பற்றிக் கதைக்காவிட்டால் நீர் நல்ல பிள்ளை" என்று சிரிப்பாள். அருள்மலரும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்குவாள்.

கூடையில் தினமும் ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. ஒருநாள் அருள்மலர் கேட்டேவிட்டாள்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டுத் தெனமும் பெட்ஷீட் துவைக்கணுமாக்கா? வாரத்துக்கு ஒருக்கா போதாதா?"

தவமணி டிரையரின் வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளை விரிப்பு ஏறி ஏறி விழுந்தது.

"இவருக்கு, தங்கச்சி. ஊரிலை ஆமி பிடிச்சுக்கொண்டு போய்க் காம்பில வைச்சிருந்தவங்கள். விட்ட நாளில இருந்து இப்பிடித்தான். நித்திரையில தன்னை அறியாமல் போயிடும். விடிய எழும்பி என்ரை முகத்தைப் பார்க்கமாட்டார்." பிறகு சட்டென்று திரும்பி, "ஆரிட்டையும் சொல்லிப்போடாதையும்" என்றாள்.

"ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுதேன்க்கா."

"அவரிட்டச் சொன்னால் பிழையில்லை."

வெள்ளிக்கிழமைகளில் தரைத்தளத்துக் கூடத்தில் ஜெபக்கூட்டம். முன்னின்று நடத்துபவர் அலெக்ஸாண்டர். பகலில் லொறி ஓட்டுபவர். பாடல்கள் முடிந்ததும் மைக்கைக் கைமாற்றி ஜெபக் குறிப்புகள் கேட்பார். "விபரமாச் சொல்லுங்கோ. பொதுவாக் கேட்டால் பொதுவாத்தான் கிடைக்கும்" என்பது அவர் வழக்கம். அன்று ஒருவர் கார் ஓட்டும் பரீட்சையில் தேற வேண்டும் என்றார். ஒருத்தி மாமியாரின் விசாவுக்காகக் கேட்டாள். மைக் அருள்மலரிடம் வந்தது.

அவள் பெயர் சொல்லவில்லை. மாடியும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் என்றாள். வளர்ந்த மனிதர், முகாமில் பட்ட வேதனையால் இன்றும் இரவில் படுக்கையை நனைக்கிறார் என்றாள். கை வீங்கிய மனைவி தினமும் அந்த விரிப்பைத் துவைக்கிறாள் என்றும் சொன்னாள். கூடம் அடங்கிப்போனது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். கார்ப் பரீட்சைக்காரர் தலை குனிந்தார். அந்த அமைதி அருள்மலருக்கு இதமாக இருந்தது. வந்த இத்தனை வாரத்தில் அன்றுதான் தான் ஊழியம் செய்ததாகத் தோன்றியது.

ஞாயிறு மத்தியானம் அலெக்ஸாண்டரின் மனைவி ஞானம், "வாரும், வீடு சந்திக்கப் போவம்" என்று கூப்பிட்டபோது, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கணவன் மனைவி இருவருக்கும் பின்னால் போனாள். லிஃப்டில் ஞானம் ஒன்பதை அழுத்தினாள். அவள் கையில் ஜெப எண்ணெய்ச் சீசா இருந்தது. கை வீங்கிய மனைவி என்று சொன்னதே அடையாளமாகிவிட்டது என்று அப்போதுதான் அருள்மலருக்கு விளங்கியது. "அக்கா, அங்க வேண்டாம்" என்றாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது. அலெக்ஸாண்டர் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

தவமணியின் கணவர் தியாகலிங்கம்தான் கதவைத் திறந்தார். அவரோடு பேக்கரியில் வேலை செய்யும் இருவர் உள்ளே நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டாட்டம் பாதியில் நின்றிருந்தது. அவர் கையிலும் சீட்டு விரித்தபடியே இருந்தது.

"தம்பி, உங்கட வருத்தத்துக்காக ஜெபிக்க வந்தனாங்கள்" என்றார் அலெக்ஸாண்டர்.

"எனக்கென்ன வருத்தம்? நல்லாத்தானே இருக்கிறன்."

"வெக்கப்படாதேங்கோ" என்றாள் ஞானம், மிகுந்த பரிவோடு. "ராவில படுக்கையில போறதெல்லாம் ஆண்டவருக்குப் பெரிய விசயமில்லை."

நிலத்தில் இருந்தவர்களில் ஒருவன் தன் சீட்டுகளை ஒன்றொன்றாக அடுக்கத் தொடங்கினான். மற்றவன் ஜன்னலைப் பார்த்தான். தியாகலிங்கத்தின் முகம் முதலில் சிவக்கவில்லை. அவர் ஞானத்தைப் பார்த்தார், எண்ணெய்ச் சீசாவைப் பார்த்தார், கடைசியில் பின்னால் நின்ற அருள்மலரைப் பார்த்தார். அப்போதுதான் சிவந்தது.

"நீர் சொன்னனீரோ?"

"நான் பேர் சொல்லலண்ணே. ஜெபத்துக்காகத்தான்..."

"உங்கட கடவுளுக்குக் காது கேக்காதோ, மைக்கில சொல்லுறதுக்கு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து தவமணி வந்தாள். வந்தவர்களை எல்லாம் பார்த்து, அருள்மலர் நின்ற இடத்தை மட்டும் தாண்டி, "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். அந்த வீட்டில் வந்தவர்களை அப்படியே அனுப்பும் பழக்கம் இல்லை. ஆகவே எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருள்மலரும் உட்கார்ந்து, வீங்கிய கை நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்தாள். சூடு நாக்கைப் பொசுக்கியது. ஆறட்டும் என்று வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கூடையைத் தூக்கப் போனபோது கதவு பாதிதான் திறந்தது.

"உங்களுக்கேன் கரைச்சல், மிஸ்" என்றாள் தவமணி. "நான் பார்த்துக்கொள்ளுறன்."

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"பரவாயில்லை, மிஸ்." கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே குளியலறைக் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் கையோடு தொட்டியில் வைத்துத் துவைக்கிறாள் என்று அருள்மலருக்குப் புரிந்தது. நிலத்தடி அறைக்கு அதன்பின் தவமணி வரவில்லை. தியாகலிங்கம் லிஃப்டைத் தவிர்த்து ஒன்பது மாடியும் படியில் ஏறுவதைப் பிள்ளைகள் சொன்னார்கள். சீட்டாட்டம் வேறு வீட்டுக்கு மாறிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று அருள்மலர் தீர்மானித்திருந்தாள். ஊரில் அவளுக்குப் பழக்கமான வழி அதுதான்: எழுந்து நின்று அழுது சொன்னால் மனம் லேசாகும், நாலு பேர் வந்து கட்டிக்கொள்வார்கள். மைக் வந்தபோது எழுந்தாள். வாயைத் திறந்தபிறகுதான் தெரிந்தது, எதைச் சொல்லி அழுதாலும் அந்த மனிதரின் விரிப்பை இன்னொரு முறை இந்தக் கூடத்தில் விரித்துப் போட வேண்டியிருக்கும். அவளுக்கு லேசாகும், அவர் இன்னும் ஒரு வாரம் படியேறுவார்.

"அந்த ஒன்பதாம் மாடிச் சகோதரருக்கு இப்ப எப்பிடி, தங்கச்சி?" என்று அலெக்ஸாண்டரே கேட்டார்.

"அவரு இல்லை" என்றாள் அருள்மலர். "நான் சொன்னது எங்க அண்ணனை. பட்டாளத்து முகாம்ல இருந்தாரு. எங்க மதினிக்குத்தான் கை வீங்கியிருக்கு. நீங்க தப்பா நெனச்சி அங்க போயிட்டீங்க."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. "அண்டைக்கு அங்க வைச்சு ஒண்டும் சொல்லேல்லையே?" என்றாள் ஞானம். அவள் பார்வையில் பாதி நம்பிக்கைகூட இல்லை.

"எங்க வீட்டு விசயம்ல அக்கா. வெக்கமா இருந்துச்சி."

வெட்கம் என்ற அந்த ஒரு சொல்லாவது உண்மையாக இருந்தது.

"பேரைச் சொல்லும்" என்றார் அலெக்ஸாண்டர், கண்ணை மூடிக்கொண்டு. "விபரமாக் கேப்பம்."

"துரைராஜ்" என்றாள்.

பள்ளிக்கூடத்து என்.சி.சி. தவிரப் பட்டாளத்தின் பக்கமே போகாத, அவளை வழியனுப்பத் திருவனந்தபுரம்வரை வந்து பெட்டியில் முறுக்குத் திணித்து அனுப்பிய அண்ணன். அவனுடைய படுக்கைக்காகக் கூடம் முழுவதும் கை உயர்த்தி, பெயர் சொல்லி, உரத்த குரலில் மன்றாடியது. ஜெபம் நீண்டுகொண்டே போனது. முடிவில் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆமென்" என்றாள் அருள்மலர்.