உயிரணுவுக்குள் ஒரு கண்டக்டர்

போன் மணி கேட்க வேண்டுமே என்று விசிலைக்கூட மெதுவாக ஊதினான் கண்டக்டர் தேவேந்திரன். அமாவாசைக் கூட்டம். செஞ்சியிலிருந்து கிளம்பிய மேல்மலையனூர் ஸ்பெஷலில் கால் வைக்க இடமில்லை.

"டிக்கெட்டு குடுப்பியா, போனையே பாத்துனு இருப்பியா?" என்றாள் முன்சீட்டுப் பெண். "எம் பொண்ண எந்தம்பிக்குக் குடுக்கலாமான்னு பூ போட்டுக் கேக்கப் போறேன். லேட்டாவுது!"

"இரும்மா, அங்காளம்மா இன்னா ஓடியா போயிடுவா?"

பதினொன்றுக்குள் டாக்டர் மணிமொழி கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மனைவி கவிதாவின் வயிற்றில் ஐந்து மாதம். மூத்தவன் இனியனின் நோய் அந்தக் குழந்தைக்கும் இருக்கிறதா என்று, பனிக்குட நீரைச் சோதித்த முடிவில் இன்று தெரிந்துவிடும்.

இனியனுக்கு நான்கு வயது. நிற்க மாட்டான். 'ம்மா' தவிரப் பேச்சில்லை. காரணம் தெரியாமல் இரண்டு வருடம் வீணானது தேவேந்திரனால்தான். "சொந்தத்துல கல்யாணமா?" என்று முதல் டாக்டர் கேட்டபோது, திட்டுவாரோ என்று பயந்து "இல்லை சார்" என்றுவிட்டான். கவிதா அவனுடைய சொந்த அக்காள் மகள்.

மணிமொழியிடம் கவிதாவே உண்மையைச் சொன்னாள். ரத்தம் சோதித்த பிறகு அவர் விளக்கினார்: "உயிரணுவுக்குள்ள சின்னச் சின்னப் பைங்க பஸ் மாதிரி ஓடுது. எந்தச் சரக்கு எதுல ஏறணும்னு பாத்து ஏத்திவிடறது ஒரு புரதம். உங்க பையனுக்கு அந்தக் கண்டக்டர் இல்லை. நரம்புக்குப் போக வேண்டியது போய்ச் சேரல. நீங்க ஆளுக்கொரு பழுதான மரபணு குடுத்திருக்கீங்க. அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு பயம் இருக்கு."

வளத்தி ஊரைத் தாண்டும்போது போன் அடித்தது.

"சத்தம் போடாதீங்க!" அவன் கத்தியதில் பஸ்ஸே அடங்கியது.

"குழந்தைக்கு ஒரு மரபணு பழுது, ஒண்ணு நல்லது. உங்களை மாதிரிதான். நோய் வராது," என்றார் மணிமொழி.

உடனே கவிதாவை அழைத்தான். "கண்டக்டர் இருக்குது கவிதா!"

"இனியன் மடியில கிடக்கறான் மாமா. இவனுக்கு?"

இனியனின் நோய்க்கு இன்னும் மருந்து வரவில்லை.

"இன்னாய்யா சேதி?" என்றாள் முன்சீட்டுப் பெண்.

ஒன்றுமில்லை என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"நான் அக்கா பொண்ணத்தான் கட்டினேன். புள்ள நிக்க மாட்டான். பூ போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ரத்தம் பாரும்மா."

"வாய கழுவுய்யா!" என்றாள். பிறகு, தணிந்த குரலில், "எங்க பாக்கறது?"

டிக்கெட்டின் பின்பக்கம் மணிமொழியின் நம்பரை எழுதினான். பஸ் குலுங்கி ஓர் எண் கிறுக்கலானது. அடித்துவிட்டு மறுபடி எழுதினான்.