குழிக்குப் பழகிய கார்

டாக்டரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "குலுங்கக் கூடாது." அன்றிலிருந்து டாக்ஸிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. மனைவிக்கு நிறைமாதம். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருப்பது ஒரே தெரு. அதைத் தெரு என்றால் தெருவே வெட்கப்படும். குழிகளுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் தார் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

மனைவியின் அண்ணன் கார் மெக்கானிக். "கவலைய விடு மாப்ள. உன் வண்டிய அந்த ரோட்டுக்குன்னே அளவெடுத்துத் தச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

சட்டை தைப்பது போலத்தான் வேலையும் நடந்தது. ஸ்பிரிங்கை மாற்றி மெத்தென்று ஆக்கினார். ஷாக் அப்சார்பரை இளக்கினார். டயரில் காற்றைக் குறைத்தார். இடப்பக்கம் குழி அதிகம் என்று அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் இளக்கினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாமியாரைப் பின்சீட்டில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். எடை ஒத்துப்போக வேண்டுமே என்று அவர் மடியில் ஒரு தர்பூசணி.

"எப்படிம்மா இருக்கு?"

"குடல் வாய்க்கு வந்துடுச்சுடா. அந்த முக்குக் குழிய நீ இன்னும் சரியாவே கவனிக்கல."

மறுபடி இளக்குவார். கடைசியில் ஒரு நாள் மாமியார் வாயைப் பிளந்து தூங்கியே போய்விட்டார். தர்பூசணி அசையவில்லை. மாப்பிள்ளையும் மச்சானும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் தெருவெல்லாம் தார்ப்புகை. எத்தனையோ வருஷமாகக் கூப்பிட்டும் வராத ரோடு போடும் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. டாக்ஸிக்காரர் கட்டிய லுங்கியோடு ஓடினார்.

"மேஸ்திரி, ரோடு போடாதீங்க!"

மேஸ்திரி காதைக் குடைந்துகொண்டார். "போடலேன்னுதான் இதுவரைக்கும் திட்டு வாங்கியிருக்கேன். போடாதேன்னு வந்த மொத ஆளு நீதாம்ப்பா. ராத்திரியிலேருந்து அந்தக் கோடியில ஆரம்பிச்சுப் போட்டுக்கிட்டு வர்றோம். உன் வாசலோட முடிஞ்சுது."

"அந்த முக்குக் குழி?"

"அதைத்தான் மொதல்ல மூடினோம்."

டாக்ஸிக்காரர் இழவு வீட்டுக்காரர் போல உட்கார்ந்துவிட்டார். "முக்கியமான குழிய மட்டுமாவது திருப்பித் தோண்டிக் குடுங்க. எங்கெங்கேன்னு நான் காட்டறேன்."

"தோண்டறதுக்கு வேற டிபார்ட்மென்ட். அவங்களும் வருவாங்க, அவசரப்படாத."

அந்த நேரம் பார்த்து மாமியார் வாசலுக்கு ஓடி வந்தார். "மாப்ள, வலி எடுத்துடுச்சு!"

மனைவியையும் மாமியாரையும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு கார் புது ரோட்டில் இறங்கியது. குழியில் மெத்தையாக இருந்த வண்டி, சமதரையில் படகாகிவிட்டது. இடப்பக்கம் சாய்ந்தது, எழுந்தது, மறுபடி சாய்ந்தது. பிரேக்கைத் தொட்டால் மூக்கு தரையைக் கும்பிட்டது.

"ஏங்க, நிறுத்துங்க! குமட்டுது."

"வண்டி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ரோடுதான் சரியில்ல" என்றார் மெக்கானிக், நிஜமான வருத்தத்தோடு.

"பழையபடி இறுக்க எவ்வளவு நேரம் ஆகும் மச்சான்?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்."

"அதுக்குள்ள எம்புள்ளையே வெளிய வந்து உனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கும்" என்று இறங்கினாள் மனைவி. ஓரத்தில் ரோடு ரோலர் நின்றிருந்தது. "அது ஆடுமா?"

"பத்து டன்னும்மா. அதுக்கு ஆடத் தெரியாது" என்றார் மேஸ்திரி.

தார் டிரம்மைக் கவிழ்த்துப் படியாக்கி அவளை ஏற்றினார்கள். மாமியார் பின்னாலேயே ஏறிக் குடை பிடித்தார். ரோலர் நகர்ந்தது. கூடவே நடந்த டாக்ஸிக்காரர், "எப்படி இருக்கு?" என்றார்.

"வலிக்குது. ஆனா ஆடல."

பாதி வழியில் ரோலர்காரர் பழக்கதோஷத்தில் ரிவர்ஸ் போட்டார். உருட்டிய இடத்தையே மறுபடி உருட்டப் பின்னால் போனது வண்டி.

"ஏய்யா, ஆஸ்பத்திரி முன்னால இருக்கு!" என்று மாமியார் குடைக்காம்பால் அவர் முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் ஒழுங்காகப் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு நர்ஸ் வந்தார். மெக்கானிக் குனிந்து அதன் சக்கரத்தைப் பார்த்தார். "இதுல ஸ்பிரிங்கே இல்லையே! ஒரு நிமிஷம் இருங்க" என்று பையில் கையை விட்டார்.

"அண்ணே, அதைத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்!"

அவள் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். தாயும் பிள்ளையும் தெம்பாகத்தான் இருக்கிறார்கள் என்று நாடி பிடித்துப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.