நாலரை மணி வெயில்

கலர்க்காரர் வீட்டுக் கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக யாரும் விளக்குப் போட்டதில்லை. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் ஒரு புகைப்படம் சுவரில் தொங்கியது. வெளிச்சத்துக்கு அதுவே போதும். அதற்கு எதிரே கொடி கட்டிப் போட்ட ஈரத்துணி ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், தடித்த போர்வை என்றால் இரண்டே கால். தொட்டிச் செடிகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தின் பக்கம் சாய்ந்து வளர்ந்தன. எதிர்வீட்டுத் தபால்காரர் குளிர்காலத்தில் வந்து முழங்காலை அரை மணி நேரம் காட்டிவிட்டுப் போவார். போகும்போது ஓடினார் என்று சிலர் சொல்வது பொய். வேகமாக நடந்தார், அவ்வளவுதான்.

இதை நம்பாத ஆள் அந்தத் தெருவட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் கலர்க்காரரின் மைத்துனர், மனைவியுடன் பிறந்த தம்பி, மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பவர். நம்பாததற்கு அவரிடம் சொந்தக் காரணம் இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவரே அவர்தான்.

கலர்க்காரர் முப்பது வருடம் ஒரு பிரிண்ட் லேபில் படங்களைத் திருத்தினார். முகத்தில் மஞ்சள் அரைத்துளி கூடினால் அவருக்குத் தும்மல் வரும். கல்யாண சீசனில் கைக்குட்டை இரண்டு டஜன் வேண்டும். நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாதென்று அறையின் சுவரும் திரைச்சீலையும் அவர் சட்டையும் ஒரே சாம்பல் நிறம். அவர் எழுந்து நின்றால்தான் உள்ளே ஆள் இருப்பது தெரியும். மானிட்டர் வெளிச்சத்தை மங்கலாகவே வைத்திருப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "திரைக்குள்ள விளக்கு இருக்கு. காகிதத்துக்குள்ள என்ன இருக்கு? திரையை நம்பினா பிரிண்ட்டு கரியாத்தான் வரும்."

ஊர் முகமெல்லாம் துலக்கியவரிடம் சொந்த மனைவியின் முகம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் தம்பி புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவோடு வந்து, மாலை நாலரைக்கு, ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்த அக்காவை ஒரே ஒருமுறை எடுத்தார். வெயில் முழுக்க அவளுக்குப் பின்னால் இருந்தது, முகம் அடுப்புக்கரி. மூன்று மாதத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. வந்தவர்களிடமெல்லாம் தம்பி, "இருந்ததே ஒரு படம், அதையும் நான் கெடுத்துட்டேன்" என்று சொல்லித் தீர்த்தார். பிறகு அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மீட்டர் வெளிச்சுவரில் இருந்தது வசதியாகப் போயிற்று.

கலர்க்காரர் திரையில் இருட்டை மெல்ல விலக்கினார். மூக்கு வந்தது, வாயோரத்து இரண்டு மடிப்பும் வந்தன, சற்றே சாய்ந்த அந்தப் பல்லும் வந்தது. அச்சிட்டால் கரி. நாற்பது சோதனைத் துண்டும் கரி. நாற்பத்தொன்றாவதில்தான் பார்த்தார்: அவள் இன்னும் கொஞ்சம் தெரியட்டும், இன்னும் கொஞ்சம் என்று அவர் கையே அவருக்குத் தெரியாமல் மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக்கூட்டிக் கடைசிவரை கொண்டுபோயிருந்தது. கற்றுக்குட்டிகளை எந்தத் தப்புக்காகத் திட்டினாரோ அதே தப்பு. வெளிச்சத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தார். அவள் மறுபடி இருட்டுக்குள் போய்விட்டாள். அன்று அவர் வேலை செய்யவில்லை.

மறுநாளிலிருந்து பதினோரு நாள், மயிரிழை மயிரிழையாக முகத்தைத் திறந்தார். ஜன்னல் வெயிலைத் தொடவே இல்லை. அதன் மஞ்சளைக் கழுவிவிட்டால் பிறகு அது எந்த மணி வெயிலாகவும் இருந்துவிட்டுப் போகும். முதல்முறையாக அவர் தும்மவும் இல்லை. பிரிண்ட் வெளியே வந்தபோது இயந்திரம் ஓட்டுபவர் சட்டைக்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். கலர்க்காரர் அதைக் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து அங்கே மணி நாலரை.

மீட்டர் ஓட்டம் குறைந்துபோனதற்கு மைத்துனர் ஒவ்வொரு முறையும் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிச் சமாளித்தார், கலர்க்காரர் வாசலில் உட்கார்ந்து கையாட்டினாலும். பத்தொன்பதாம் வருடம் புதிதாக வந்த அதிகாரி விடவில்லை. திருட்டு இணைப்பாக இருக்கும், உள்ளே போய்ப் பார், எரிகிற பொருள் எதுவானாலும் கழற்றிக்கொண்டு வா என்று உத்தரவு.

நல்ல மழையில் மைத்துனர் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றார்.

"மாமா, பின்னால ஒயர் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வெளிய தெரியாம நானே கழட்டிடறேன்."

"இத்தனை வருஷம் சுவத்துக்கு வெளிய நின்னு சந்தேகப்பட்டாச்சு. கொஞ்சம் உள்ள வந்தும் சந்தேகப்படு, மாப்பிள்ளை."

மைத்துனர் ஃபியூஸைப் பிடுங்கினார். மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டு அடங்கியது. வெயில் அசையவில்லை. சட்டத்தைத் தூக்கிப் பின்னால் டெஸ்டரை வைத்தார். ஒரு பல்லி இருந்தது. அதிலும் மின்சாரம் இல்லை. அதற்குமேல் பார்ப்பதற்கு முன்பக்கம் மட்டுமே மிச்சம்.

"முகத்தைத்தான் நான் கெடுத்துட்டேனே" என்றார், பார்க்காமலே.

"யார் சொன்னது? வெயில்ல வெளுத்துப்போன முகம் யார் கூப்பிட்டாலும் திரும்பி வராது. இருட்டுல இருக்கறது வரும். நீ பத்திரமா வெச்சிருந்தே, நான் எடுத்தேன். அவ யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்னு பாரு."

மைத்துனர் தலை நிமிர்ந்தார். அக்காவின் வலது கருவிழியில், உளுந்து அளவில், முகமெல்லாம் ஜன்னல் வெயில் அடிக்க, ஒற்றைக் கண்ணை மூடி நாக்கைக் கடித்துக்கொண்டு கேமராவைத் தலைகீழாகப் பிடித்திருந்தான் ஒருவன்.

"ஆமா. 'தலைகீழா வெச்சிருக்கேடா'ன்னுதான் சிரிச்சா" என்றார் மைத்துனர். படத்துக்கு எதிரே அங்கேயே நின்றார். சட்டை காய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, அதிகாரியின் தாளில் காரணம் என்ற கட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்: 'ஒயர் இல்லை. திருட்டு இல்லை. உள்ளே வெயில் அடிக்கிறது. நேரில் பார்த்தேன், நனைந்து போய்க் காய்ந்து வந்தேன்.'