வீட்டுப் பிள்ளை உடைத்தால் மட்டும்

டெய்லரம்மாவுக்குச் சந்தேகம் என்பது மூக்குக் கண்ணாடி மாதிரி. அது இல்லாமல் எதையும் பார்க்கமாட்டாள். தானே எடுத்த ரவிக்கை அளவை மறுபடியும் நாடா வைத்துப் பார்ப்பாள். சமையலறையில் ஒரு டம்ளர் காணாமல் போனபோது, பழியைப் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அப்பேர்ப்பட்டவள், டிவியை உடைத்தது யார் என்பதில் மட்டும் துளிகூடச் சந்தேகப்படவில்லை.

உடைத்தது நாத்தனார் மகன். குடும்பத்தில் அவனுக்கு வைத்த பெயரே புயல். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒன்றைச் சாய்க்காமல் திரும்பமாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் டக்கென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், புது டிவியின் திரை கீழ் மூலையிலிருந்து விரிசல் விட்டிருந்தது. எதிரே புயல், கையில் பந்து. சோபாவில் டெய்லரம்மாவின் ஐந்து வயது மகள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது? புயல் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மாவின் கை அவன் முதுகில் விழுந்தது. டெய்லரம்மாவும் சும்மா இருக்கவில்லை. இனிமேல் வருவதாக இருந்தால் பிள்ளையை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வா என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள்தான். அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை.

டிவி வாங்கும்போதே இன்சூரன்ஸும் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தெரியாமல் உடைத்தால்கூடப் பணம் உண்டு என்று கடைக்காரர் ஆசை காட்டியிருந்தார். ஆனால் போனில் பேசிய கம்பெனிப் பெண் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். வீட்டில் குடியிருக்கும் பிள்ளை உடைத்தால்தான் பணமாம். விருந்துக்கு வந்த பிள்ளை உடைத்தால் கிடையாதாம். டெய்லரம்மா மூச்சு விடும் நேரம்கூட யோசிக்காமல், என் மகள்தான் பந்தை எறிந்தாள் என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அடுத்த குண்டு விழுந்தது. நேரில் பார்க்க ஆள் வருவாராம். பொய் வெளிப்பட்டால் டிவியும் போச்சு, மானமும் போச்சு. புருஷனோ, மாட்டிக்கொண்டால் என்னை இழுக்காதே என்று சொல்லிவிட்டு அன்றைக்கு நேரத்தோடு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பந்தை எறிஞ்சேன், பட்டுடுச்சு என்று பாடம் சொல்லிக்கொடுத்தாள். குழந்தை முரண்டு பிடித்தது. கடைசியில் ஒரு மிட்டாய்க்கு மசிந்தது.

வந்தவர் ஒல்லியான மனிதர். வாசலில் செருப்பை விடும்போதே வீட்டை எடை போட்டுவிட்டார். ஆமாம் என்று சொன்னாலும் ஏன் என்று கேட்கிற ஆள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், அன்றைக்கு வெளியாட்கள் வந்தார்களா, கூடத்தில் பந்து விளையாட எப்படி விட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். தன்னைப் போன்ற இன்னொருத்தரிடம் மாட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று டெய்லரம்மாவுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அவர் மண்டியிட்டு விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. பிறகு குழந்தையைக் கூப்பிட்டார்.

"டிவி எப்படிம்மா உடைஞ்சுது?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா கண்ணாலேயே பாடத்தை எடுத்துக் கொடுத்தாள். பந்தை எறிஞ்சேன் என்று ஆரம்பித்த குழந்தை பாதியில் நிறுத்தி உதட்டைப் பிதுக்கியது.

"பந்து இல்ல அங்கிள், டம்ளர். டிவில பூனை தூங்கிட்டே இருந்துச்சு. தட்டித் தட்டி எழுப்பினேன்."

சொன்னதோடு விடாமல், சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி டம்ளரை எடுத்து நீட்டியது. அவர் அதன் விளிம்பைத் திரையின் மூலையில் வைத்துப் பார்த்தார். அங்கிருந்த வளைந்த தழும்பில் அச்சாகப் பொருந்தியது. பிறகு டெய்லரம்மா பக்கம் திரும்பினார்.

"போன்ல பந்துன்னு சொல்லியிருக்கீங்களே?"

"உள்ள சாப்பிட்டுட்டு இருந்தோம் சார். சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தோம். யாரும் கண்ணால பார்க்கல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. இந்த விஷயத்தில் இதுவரை அவள் பேசியதில் இது ஒன்றுதான் உண்மை.

பெற்றவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வேனே தவிர நம்புவதில்லை, குழந்தை சொன்னதால் பணம் வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அடி வாங்கிக்கொண்டு நின்ற புயலின் முகமே கண்முன் வந்தது. வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவன்மேல் கோபம்கூட வந்தது. அப்படிக் கோபப்பட்டதை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வீம்பையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"டிவிய உடைச்சது உன் பையன் இல்ல, என் பொண்ணுதான். டம்ளரால தட்டியிருக்கா. நான் பேசினதெல்லாம் தப்பு. என்னை மன்னிச்சிடு."

மறுமுனையில் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்சூரன்ஸ் ஆள் பக்கத்துல இருக்காரா அண்ணி?"

அவர் போய்விட்டார், இது நிஜம் என்று டெய்லரம்மா அடித்துச் சொன்னாள். பூனையைச் சொன்னாள், தழும்பைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நாத்தனார் உம் கொட்டிய விதத்திலேயே அவள் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்பது தெரிந்தது.

"வீட்டுப் பிள்ளை உடைச்சாத்தான் பணம்னு அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டார். கோபம் இருந்தாலும் உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன் அண்ணி. யார் கேட்டாலும் நானும் இப்படியே சொல்றேன்."

டெய்லரம்மா மறுத்துப் பேசுவதற்குள் நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மகனைக் கூப்பிடுவது கேட்டது.

"டேய், மாமா வீட்டு டிவிய யார் உடைச்சாங்கன்னு எவராவது கேட்டா, பாப்பாதான் உடைச்சுதுன்னு சொல்லணும். புரியுதா?"

"அதைத்தானேம்மா அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொன்னேன். சின்னப் பிள்ளை மேல பழி போடறியான்னு அதுக்கும் அடிச்சியே."