பல்லாவரத்து வீடு

"சம்பாதிக்கலன்னு நீ போய்ப் பாத்தியா? பஸ்ல போனா ஒருத்தரு பரிசுத்தமாயிடுவாரா?"

"கார் இருந்தா காருல போயிருப்பாரில்ல? மனுசன் ஸ்ரீபெரும்புதூரு தாண்டினதும் சீட்லயே சாஞ்சிட்டாரு. தூங்குறாருன்னு நெனச்சிக்கினு கண்டக்டரு காஞ்சிபுரம் வரைக்கும் எழுப்பலயாம்."

"அதாம்பா சாமர்த்தியம். காரு வேற எவன் பேர்லயாவது ஓடிக்கினு இருக்கும். பல்லாவரத்து வீடும் வேற பேருதான். என் சகலை கண்ணால பாத்துட்டு வந்தான். பச்ச கேட்டு. வாசல்ல கொய்யா மரம்."

"கொய்யாவா? எனக்குச் சொன்னவன் மாமரம்னான்."

"ரெண்டும் இருக்கும். துட்டுக்கு இன்னா கொறச்சல்?"

பந்தலில் உட்கார்ந்திருந்த இருவரில் பச்சை கேட்டைச் சொன்னவர் நமச்சிவாயம். இறந்துபோன எம்.எல்.ஏ. கோதண்டபாணிக்குப் பங்காளி முறை. மற்றவர் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் அர்ஜுனன். துக்க வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும், தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆனால் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவின் தறிகள் எல்லாம் சாப்பாட்டுக்காக நின்றிருந்த நேரம் அது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களின் தாழ்ந்த குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவர்களுக்கே தெரியாது. ஜன்னலுக்கு உட்புறம் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்த கோதண்டபாணியின் மனைவி லோகாம்பாளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாட்களில் அவள் இதற்குப் பழகிவிட்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தால் ஒரு மாதிரிப் பேசினார்கள், எழுந்து பந்தலுக்குப் போனதும் வேறு மாதிரிப் பேசினார்கள். உள்ளே அவர் தர்மப்பிரபு, ஊருக்காகவே தேய்ந்த சந்தனக்கட்டை. வெளியே பல்லாவரத்து வீடு, வாலாஜாபாத்தில் பங்கு போட்ட அரிசி மில், யாருடைய பெயரிலோ ஓடும் கார். இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது. சில சமயம் ஒரே ஆள், ஒரே வாயில் வெற்றிலை காயும் முன்பே, இரண்டையும் சொன்னார். அதில் பொய் எது என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. இரண்டுமே அவர்களுக்கு உண்மைதான் என்று தோன்றியது. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடையைப் பிடிக்கிற மாதிரி.

கேட்கக் கேட்க அந்தப் பல்லாவரத்து வீடு அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் வெறும் வீடாக இருந்தது. பிறகு யாரோ மாடி வைத்தார்கள். இன்னொருவர் மொசைக் தரை போட்டார். இன்று பச்சை கேட்டும் இரண்டு மரங்களும் வந்துவிட்டன. பகல் நேரங்களில், அழுது ஓய்ந்த பெண்கள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கும்போது, லோகாம்பாள் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவாள். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். தரை பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மாடி அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். ரயில் போகும் சத்தம் கேட்கும். அவர் திரும்பிப் பார்க்கும் முன் அவள் வெளியே வந்துவிடுவாள். அப்படி ஒரு வீடு உண்மையில் இருந்தால் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாள் நிஜமாகவே அவர்மேல் வருத்தப்பட்டாள்.

கோதண்டபாணி எதற்காக எம்.எல்.ஏ. ஆனார் என்று பந்தலில் பேசாத ஆள் இல்லை. அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் நேரான பதில் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தறியில் உட்காருவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக் கரைக்கு ஊடைநூல் ஓடும் நாடாவை எறிவாள். கரையைத் தனி நிறத்தில் நெய்து உடலோடு கோக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கால்களைத் தறிக்குழிக்குள் விட்டுக்கொண்டு, மிதிக்கிற தாளத்துக்கு அவர் மேடைப் பேச்சுப் பேசுவார். கேட்க அவள் ஒருத்திதான். "தாய்மார்களே" என்று பன்மையில் அவளைப் பார்த்துச் சொல்வார். அறுபத்தேழில் ஜெயித்து முதல் தடவை கோட்டைக்குப் போய்விட்டு வந்தபோது, "நாற்காலியில உக்காந்தா கால எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல லோகு" என்றார். தறியைக் கழற்றி விற்றார்கள். குழியின் மேல் பலகை போட்டு மூடி, பார்க்க வருகிறவர்கள் உட்காருவதற்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். அந்தப் பெஞ்சு காலையில் நிறைந்திருந்தால் அவர் காபியைக் குடிக்க மறந்துவிடுவார். காலியாக இருந்தால் சோறு இறங்காது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார், தெருமுனையில் பஸ் நின்றால் எட்டிப் பார்ப்பார். யாராவது மனுவோடு வரும்போது அவர் முகத்தில் வருவது இரக்கமா, பசி தீர்ந்த திருப்தியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. பணம் சேர்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதுவும், பல்லாவரத்து வீட்டைக் கேட்க ஆரம்பித்த பிறகு, முன்னைப்போல உறுதியாகத் தெரியவில்லை.

வாசலில் கார் நின்றது. பந்தல் பேச்சு அடங்கியது. கட்சியின் நகரச் செயலாளர் கலியாணசுந்தரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, பெஞ்சில் உட்காராமல் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கோதண்டபாணியைவிட வயதில் சின்னவர். இந்த வீட்டில் நிறையத் தடவை சாப்பிட்டிருக்கிறார்.

"தீர்மானம் பண்ணிட்டாங்க அண்ணி. இடைத்தேர்தலுக்கு நீங்கதான். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா சாயங்காலமே மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லிடுவேன்."

"நானு எதுக்குப்பா?"

"அண்ணன் விட்டுச் சென்ற பணியைத் தொடர..."

"அது மேடைக்கு. எங்கிட்ட எதுக்குன்னு சொல்லு."

கலியாணசுந்தரம் தலையைத் தடவிக்கொண்டார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டதுபோல இருந்தது. "ஜனங்க உங்களப் பாத்தா அழுவாங்க அண்ணி. அழுதுட்டாங்கன்னா ஓட்டுப் போடாம போக மாட்டாங்க. வேற யாரப் போட்டாலும் உள்ளுக்குள்ள நாலு கோஷ்டி. நீங்கன்னா எவனும் வாயத் தொறக்க முடியாது. நீங்க ஒண்ணும் பேச வேணாம். கும்பிட்டாப் போதும்."

சொல்ல ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று யோசித்தவர் போல அவர் தொடர்ந்தார். "போட்டோக்காரன இன்னிக்கே இட்டாரச் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். நாளைக்குக் காரியம் முடிஞ்சப்புறம் எடுத்துக்கலாம். இப்ப பொட்டும் பூவுமா எடுத்தா போஸ்டருக்கு எடுபடாது."

அதை அவர் கொடுமையாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரலாம், பந்தலுக்கு இன்னும் நாலு கீற்றுப் போடலாம் என்கிற குரலில்தான் சொன்னார். லோகாம்பாளின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய்த் திரும்பியது.

அவள் மனதில் முதலில் தோன்றியது எம்.எல்.ஏ.வுக்கு வரும் மாதச் சம்பளம்தான். தறி இல்லை. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிகிறவளால் தனியாக ஒரு சேலையை முடிக்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் படிக்கிறார்கள். அவள் நின்றால் கணவனின் பணியைத் தொடர நிற்கிறாள் என்று உள்ளே வந்து சொல்வார்கள்; துட்டுக்கு நிற்கிறாள் என்று வெளியே போய்ப் பேசுவார்கள். இந்தத் தடவை வெளியே பேசுகிறவர்கள் சொல்வது சரியாக இருக்கும். அந்த நினைப்பு அவளை உறுத்தவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று என்பது மட்டும் தெரிந்தது. அவருக்குள்ளும் இப்படி ஒன்று, வேறு ஒன்று, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. பல்லாவரத்துல வீடு இருக்குதா?"

"அய்ய, நீங்களுமா? அதெல்லாம் வெத்துப் பேச்சு அண்ணி." எழுந்து நின்று இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். "ஜெயிச்சு வாங்க, உங்களுக்கும் ஒண்ணு கட்டிக் குடுப்பாங்க. மாடி வெச்சே கட்டுவாங்க."

அப்போது பந்தலில் நமச்சிவாயத்தின் குரல் உயர்ந்தது. "யாரும்மா நீ? எங்க வர? துக்கம் கேக்கறதுன்னா இங்கியே நின்னு கேட்டுக்கினு போ."

"துக்கமும் கேக்கணும். அம்மாகிட்ட ஒரு வார்த்தயும் பேசணும்."

ஜன்னல் வழியே லோகாம்பாள் பார்த்தாள். பந்தல் நிழல் முடிகிற இடத்துக்கு அப்பால், வெயிலில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். சம்பூர்ணம் என்று பெயர் சொன்னாள். திருப்புட்குழிக்குப் போகிற பஸ்ஸில் நடுவழியில் இறங்கி நடக்க வேண்டிய ஒரு சின்ன ஊரின் சேரி. நேற்று இரவு அவளுடைய மாமியார் இறந்துவிட்டாள்.

"எம்.எல்.ஏ. போயிட்டாருன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் அர்ஜுனன்.

"தெரியும் சாமி. தெரிஞ்சுதான் வந்தேன்."

லோகாம்பாள் பாயிலிருந்து எழுந்து ஜன்னலருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லும்மா. இன்னா வேணும்?"

சம்பூர்ணம் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போக ஒரே வழி, ஒரு பெரிய மனிதரின் வயல் வரப்பு. பிணம் எடுத்தால் ஆட்களை வைத்து மறிப்பார். கோதண்டபாணி ஓட்டுக் கேட்டு வந்தபோது, தனி வழி போட்டுத் தருகிறேன் என்று சொன்னார். ஜெயித்த பிறகும் சொன்னார்.

"போட்டாரா?" என்றாள் லோகாம்பாள்.

"போடல. மனு போயிக்கினு இருக்குது, போயிக்கினு இருக்குதுன்னாரு. ஆனா ஒவ்வொரு சாவுக்கும் ஆளனுப்பினா வந்துடுவாரும்மா. பஸ்ல வந்து எறங்குவாரு. பாடைக்கு முன்னால அந்த வரப்புல நடப்பாரு. எம்.எல்.ஏ. முன்னால போவும்போது எவன் மறிப்பான்? சுடுகாடு வந்ததும் திரும்பிப் போயிடுவாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டாரு. வழிய போட்டுட்டா அப்பறம் நாம அவரத் தேடுவமா, அதான் போடலன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. வந்து நடந்தாரு."

லோகாம்பாளுக்குச் சில பகல்கள் நினைவுக்கு வந்தன. தெருவிலிருந்து வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் சந்து வழியாக நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வார். கேட்டால், பஸ்ஸில் ஒரே புழுதி என்பார். ஈர வேட்டியோடு நின்று துவட்டிக்கொள்ளும்போது யாரோடும் பேச மாட்டார். அவள் அப்போது வேறு என்னென்னவோ நினைத்திருக்கிறாள்.

அவள் திரும்பிக் கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. வெளிய சொல்லாதீங்கன்னு அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன். நம்ம தெருவுல தெரிஞ்சா ஒரு பேச்சு, அந்த ஊருல தெரிஞ்சா வேற பேச்சு." குரலைத் தாழ்த்தினார். அவருக்கு உண்மையிலேயே தாழ்த்தத் தெரிந்திருந்தது. "அந்த வயலுக்காரரு கையில சுத்துப்பட்டு ஓட்டு அத்தினியும் இருக்குது. நேத்துதான் வந்து நமக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப வேணாம். ஜெயிச்சப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம். நீங்களும் காரியம் முடியாம வாசப்படி தாண்டக் கூடாது இல்லையா? சாஸ்திரமே நமக்கு ஒத்தாசையா இருக்குது. சொல்லி அனுப்பிடுங்க."

"பொம்பளையா சுடுகாட்டுக்கு வருவா?" என்றார் நமச்சிவாயம் பந்தலிலிருந்து, பொதுவாக, யாரைப் பார்த்தும் அல்லாமல். "தாலியறுக்காத வீட்டுல வந்து கேக்கற கேள்வியப் பாரு."

"சுடுகாட்டுக்கு வர வேணாம் சாமி." சம்பூர்ணம் அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். "எங்க ஆம்பளைங்க பாடைய எறக்கி வெச்சிட்டு வரப்போரமா நின்னுக்கினு இருக்காங்கம்மா. அந்தப் பக்கம் அவரு ஆளுங்க நிக்கிறாங்க. கையில கழி இருக்குது. எங்க பையங்களும் இந்தத் தடவ சும்மா இருக்கமாட்டாங்க. ஆம்பள வந்து கேட்டா துக்க வீட்டுல உள்ள விடமாட்டாங்கன்னு நான் வந்தேன்."

கலியாணசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டிரங்க் கால் புக் பண்ணணும் அண்ணி. நான் இன்னா சொல்லட்டும்?"

தெருவில் ஏதோ ஒரு வீட்டில் சாப்பாடு முடிந்து முதல் தறி ஓட ஆரம்பித்தது. பிறகு அடுத்தது. சம்பூர்ணம் சேற்றில் நடந்து வந்திருந்தாள். கணுக்காலுக்கு மேல்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் அது செதில் செதிலாகத் தெருக் கல்லின் மேல் உதிர்ந்தது. தறிச் சத்தம் ஏறிக்கொண்டே வந்ததால் அவள் ஓரடி முன்னால் வந்து, பந்தல் நிழலின் விளிம்பில் நின்று, குரலைச் சற்று உயர்த்தினாள்.

"வயலு தாண்டற வரைக்கும் போதும்மா. கொஞ்சம் வந்து முன்னால நடங்க."