நனையாத தகடுகள்

எங்கள் உரத் தொழிற்சாலையின் மேலாளர் என் மனைவியின் அண்ணன். வீட்டில் மச்சான், வாசல் தாண்டினால் சார். மனுஷனுக்குச் சுத்தம் என்றால் உயிர்.

கடலோரமாக இருக்கும் அமிலத் தொட்டியின் நடைமேடை துருப்பிடித்துக் கிடந்தது. தினமும் அதில் ஏறி அளவு பார்ப்பவன் என் தம்பி. அவன் காலுக்குக் கீழே இருக்கும் இரும்பு தாங்கவேண்டுமே என்பதுதான் என் கவலை. மூன்று வகைப் பெயிண்டைத் தகடுகளில் பூசி, ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கடலைப் பார்த்த சுவரில் தொங்கவிட்டேன். மழைக்காலம் முடிந்ததும் எந்தக் கீறலில் துரு அதிகம் பரவியிருக்கிறது என்று பார்த்தால் போதும், எது உருப்படியானது என்று தெரிந்துவிடும்.

நடுவில் என்னை வேறு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தால், தகடுகள் மச்சானின் கண்ணாடி அலமாரியில் பளபளத்தன.

“எல்லாமே புதுசு மாதிரி இருக்கு பாரு மாப்ள. விலை கம்மியானதே போதும்.”

“இது நனையவே இல்லையே சார்!”

“மொத மழையிலயே உள்ள எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். முதலாளி பாக்குற பொருள், அழுக்காகலாமா?”

“அழுக்காகட்டும்னுதான் சார் தொங்கவிட்டதே! லிட்டர் என்ன விலைன்னு பாக்காதீங்க, எத்தனை வருஷம் தாங்கும்னு பாருங்க.”

“எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?”

செலவை மிச்சம் பிடித்தார் என்று முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நடைமேடையின் துருவைக்கூடச் சரியாகச் சுரண்டாமல் அதன் மேலேயே அந்த மலிவுப் பெயிண்டைப் பூசினார்கள். அடுத்த மழையிலேயே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சொன்னேன், கத்தினேன், கடைசியில் கெஞ்சினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் நடைமேடையின் ஓரம் பெயர்ந்து தம்பி கீழே விழுந்தான். முதுகெலும்பு போய்விட்டது. இனி அவன் நடக்கமாட்டான்.

மருத்துவமனையில் மச்சான் கண்கலங்கினார். “இந்தத் தடவை உன் இஷ்டம்தான் மாப்ள. மறுபடியும் தகடு தொங்கவிடு. ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க.”

அவரை அறையத்தான் நினைத்தேன். பக்கத்தில் என் மனைவி நின்றாள். தலையாட்டிவிட்டு வந்து, தகடுகளைத் தொங்கவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்ட மறுநாள் போய்ப் பார்த்தேன். சொன்ன சொல் தவறவில்லை, யாரும் அவற்றை எடுக்கவில்லை. சுவரில் புதிதாக ஒரு சின்னக் கூரை போட்டிருந்தார்கள். அதன் கீழே மூன்று தகடுகளும் சொட்டுத் தண்ணீர் படாமல் தொங்கின.